நூலும் பாபினும் ஒழுங்கானால் நாலு காசு மிஞ்சும்

சத்தியவேடு வட்டாரத் தையற்காரர்களுக்கும் வெளியூரில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் சில சிக்கன வழிகள்

தையல் மிஷின் உள்ள வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. வாசலில் கத்தரித்த துணித் துண்டுகள் கிடக்கும். உள்ளே மிஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்தால் நூற்கண்டு, பாபின், ஊசி, பொத்தான், ஊக்கு, அளவு நாடா எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். சிவப்பு நூலை இழுத்தால் பச்சையும் மஞ்சளும் கூடவே வரும். சிக்கைப் பிரிக்கப் பொறுமை இல்லாமல் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார்கள். எறிவது என்னவோ நூல்தான். ஆனால் அதோடு காசும் போகிறது.

மிஷின் வாங்கச் சீட்டுக் கட்டுகிறோம். டுவாக்ரா குழுவில் கடன் வாங்குகிறோம். வாங்கிய மிஷினுக்கு உறை தைத்துப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறோம். நூலை வைக்க மட்டும் ஒரு வழி செய்வதில்லை. மலிவான சாமான்தானே என்று அலட்சியம். கூலிக்குத் தைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். நூலின் விலை சிறிது. நூலைத் தேடும் நேரத்தின் விலை பெரிது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வீட்டில் மிஷின் போட்டிருக்கும் ஒரு பெண்மணி நாளொன்றுக்கு ஐந்து முறை நூலையோ பாபினையோ தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம். நாளுக்கு 15 நிமிடம் ஆயிற்று. மாதத்தில் 25 நாள் தைத்தால் 375 நிமிடம், அதாவது 6 மணி 15 நிமிடம். சாதாரண ஜாக்கெட் ஒன்று தைக்க இரண்டு மணி நேரம் என்று கொண்டால், மூன்று ஜாக்கெட்டின் கூலி இழுப்பறைக்குள்ளேயே தொலைந்து போகிறது. ஒரு வருஷத்துக்கு 36 ஜாக்கெட்!

இது நேரத்தின் நஷ்டம் மட்டுமே. வீட்டில் இருக்கும் அதே நிறக் கண்டை மறந்து மறுபடியும் வாங்குவது இரண்டாவது நஷ்டம். அவசரத்தில் கிட்டத்தட்ட நிறமுள்ள நூலைப் போட்டுத் தைத்து, துணிக்காரர் முகம் சுளிக்க, பிரித்து மறுபடி தைப்பது மூன்றாவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உகாதிக்கும் முந்தின இரவில் இப்படி நேர்ந்தால் அடுத்த பண்டிகைக்கு அந்த வாடிக்கை வேறு வாசலுக்குப் போய்விடும். துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கைக்கு வந்த வேலை கை நழுவினால் அன்றைய வருமானமும் நழுவியது போலத்தான்.

எல்லையோர ஊரின் நிலைமை

சத்தியவேடு வட்டாரத் தமிழர்கள் பிழைப்புத் தேடி ஆந்திரத்துக்கு வந்தவர்கள் அல்லர். ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது, செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த பல கிராமங்கள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. 2022 ஏப்ரல் முதல் சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் ஊத்துக்கோட்டைக்குப் போகும் சாலை மாறவில்லை.

அதனால் இங்கே தைப்பவர்களுக்கு இரண்டு மொழி வாடிக்கை. தமிழில் நூல், தெலுங்கில் தாரம். தமிழில் ஊசி, தெலுங்கில் சூதி. தையல் மிஷினைக் குட்டு மிஷின் என்பார்கள். பாபின் மட்டும் இரு மொழியிலும் பாபின்தான். புதிதாக ஆந்திரத்துக்கு வந்து குடியேறியவர்கள் இந்தச் சில வார்த்தைகளைத் தெரிந்துகொண்டால் கடையில் கையைக் காட்டிப் பேச வேண்டியிராது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை 2008-ல் தொடங்கிய பிறகு சுற்று வட்டாரப் பெண்கள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். கைக்குழந்தை உள்ளவர்களும், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் அப்படிப் போக முடியாது. அவர்களுக்கு வீட்டு மிஷினே தொழிற்சாலை. மிஷின் கிடைக்கவும் தொழில் நடக்கவும் அரசுகள் சில உதவிகள் செய்கின்றன. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்டு. ஆந்திரத்தில் 2020-ல் தொடங்கிய ஜகனன்ன சேதோடு திட்டத்தில் கடை வைத்திருந்த தையற்காரர்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் இழுப்பறையை ஒழுங்கு செய்ய எந்த அரசும் திட்டம் போடாது. அதை வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும்.

பாபினுக்கு ஏன் இத்தனை மரியாதை?

மிஷின் தையலில் இரண்டு நூல் வேண்டும். மேல் நூல் ஊசி வழியாக வரும். அடி நூல் பாபினிலிருந்து வரும். இரண்டும் துணியின் நடுவில் கொக்கி போட்டுக்கொண்டால்தான் தையல் நிற்கும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-ல் இத்தகைய பூட்டுத் தையல் மிஷினுக்கு உரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-ல் தமது மிஷினுக்கு உரிமை பெற்று, வீட்டுக்கு வீடு அதைப் பரப்பினார். இயந்திரங்களைப் பற்றி ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள்கூட 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு அளித்துப் பேசினார். இந்தியாவில் 1930-களில் கல்கத்தாவின் ஜே எஞ்சினியரிங் ஒர்க்ஸ் உஷா மிஷினைக் கொண்டு வந்தது.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கங்களில் தறி உள்ள வீடுகள் ஏராளம். அங்கே தறிக்கு உட்காரும் முன்பே ஊடைக்கு வேண்டிய தார்களை நிறம் நிறமாகச் சுற்றி வைத்துவிடுவார்கள். நெய்பவர் தாருக்காகத் தறியை நிறுத்தினால் அன்றைய முழம் குறையும். தறிக்குத் தார் எப்படியோ, தையல் மிஷினுக்குப் பாபின் அப்படி.

ஒரு மீட்டர் நீளத் தையலுக்கு மேலும் கீழுமாகச் சுமார் இரண்டரை மீட்டர் நூல் செலவாகும். அதில் ஏறக்குறையப் பாதி பாபினிலிருந்து போகிறது. ஆகவே வேலை நடுவில் அடி நூல் தீர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். காலி பாபின் கைக்கு எட்டாவிட்டால், பாதி நூல் உள்ள பாபினின் மேலேயே புது நிறத்தைச் சுற்றுவது பலரின் வழக்கம். இது தப்பு. பாபின் சீக்கிரம் நிரம்பிவிடும். பழைய நூல் அடியில் சிக்கிக்கொள்ளும். பாபின் விலை அற்பம். ஒரு மிஷினுக்குப் பதினைந்து, இருபது பாபின் வைத்துக்கொள்வது வீண் செலவு ஆகாது.

வாங்கும்போது தங்கள் மிஷினின் பாபினைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டு மிஷின் பாபினும் தொழிற்சாலை மிஷின் பாபினும் அகலத்தில் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான். உயரத்தில் வித்தியாசம் உண்டு. மாற்றிப் போட்டால் நூல் சிக்கும். ஊசி முறியவும் கூடும்.

காசு இல்லாத அலமாரி

நூற்கண்டு வைக்க நாகரிகமான பெட்டிகள் கடையில் விற்கிறார்கள். கூலிக்குத் தைப்பவர்களுக்கு அது தேவையில்லை. வீட்டில் கிடப்பதை வைத்தே வேலையை முடிக்கலாம்.

முதலாவது, ஆணிப் பலகை. பழைய பெட்டியின் மூடி, கதவுச் சட்டம் என்று இரண்டடி நீளப் பலகை எது கிடைத்தாலும் போதும். இரண்டரை அங்குல ஆணிகளை, கண்டுகள் ஒன்றையொன்று இடிக்காத இடைவெளியில், தலை சற்று மேலே தூக்கி இருக்கும்படி அடிக்க வேண்டும். நேராக அடித்தால் கண்டு நழுவி விழும். ஆணியில் துரு ஏறினால் நூலில் கறை படியும். அதற்கு இளநீர்க் கடை உறிஞ்சுகுழலை வெட்டி ஆணியில் செருகிவிட்டால் போதும். பலகையைக் கைக்கு எட்டும் உயரத்தில், வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும்.

இரண்டாவது, முட்டை அட்டை. கடையில் முப்பது முட்டை அடுக்கி வைக்கும் அட்டையில் ஒரு குழிக்கு ஒரு கண்டு நிற்கும். காகித அட்டை ஈரத்தை உறிஞ்சும். பிளாஸ்டிக் அட்டை கிடைத்தால் நல்லது. ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள் இந்த அட்டையைத் தகர டப்பாவுக்குள்ளோ சூட்கேஸுக்குள்ளோ வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வீடு மாறும்போதும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, பாபின் கம்பி. சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஸ்போக் கம்பி ஒன்றை வாங்கி, ஒரு முனையை வளைத்து, பாபின்களின் நடு ஓட்டை வழியே கோக்க வேண்டும். மறுமுனையையும் வளைத்து ஆணியில் மாட்டிவிட்டால், எந்த நிறம் சுற்றியிருக்கிறது, எது காலி என்பது ஒரே பார்வையில் தெரியும். கம்பி கிடைக்காவிட்டால் பெரிய ஊக்கு ஒன்றே போதும்.

நான்காவது, பாபின் வளையம். பாபினில் சுற்றிய நூலின் நுனி அவிழ்ந்து மற்றவற்றோடு சிக்குவதே பாதித் தொல்லை. தண்ணீர் விடும் முக்கால் அங்குல பிளாஸ்டிக் டியூபில் மீந்த துண்டு இருந்தால், அதைப் பாபினின் உயரத்துக்குச் சிறு வளையங்களாக வெட்டி, ஒரு பக்கம் கீறிவிட வேண்டும். கீறிய வளையத்தை விரித்துப் பாபின் மேல் போட்டால் நூல் அவிழாது. ரப்பர் பாண்டு போடக்கூடாது. நம் ஊர் வெயிலில் ரப்பர் இளகி நூலில் ஒட்டிக்கொள்ளும்.

கண்டும் அதே நூல் சுற்றிய பாபினும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆணியில் கண்டை மாட்டி, அதன் முன்னால் பாபினையும் மாட்டிவிட்டால் தேட வேண்டிய அவசியமே வராது.

ஊசிகளுக்கும் குண்டூசிகளுக்கும் தனி டப்பா வேண்டும். கெட்டுப்போன ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று இருந்தால், தரையில் சிந்திய ஊசிகளைச் சாயங்காலம் அதைக்கொண்டு பொறுக்கிவிடலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலையைச் செய்யாமல் படுக்கப் போகக்கூடாது.

எத்தனை நிறம் வேண்டும்?

கடையில் நூறு நிறம் இருக்கிறது என்பதற்காக நூறும் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை, கறுப்பு, சந்தனம், சாம்பல், அரக்கு, சிவப்பு, கரு நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு ஆகிய பத்து நிறம் எப்போதும் கையில் இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும். மற்ற நிறங்களைத் துணி வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சரியான நிறம் கிடைக்காதபோது, துணியைவிடச் சற்றுக் கருத்த நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்டாக இருக்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும். ஒற்றை இழையாகத் துணியில் ஓடும்போது வெளிறித் தெரியும். ஆகவே கண்டைத் துணி மேல் வைத்துப் பார்ப்பதைவிட, ஒரு முழம் நூலை உருவித் துணி மேல் போட்டுப் பார்ப்பதே சரி. அதையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் வெயிலில் வேறாகத் தெரியும்.

பூப்போட்ட துணிக்கு அதன் அடி நிறத்தையொட்டிய நூலே போதும். வெளியில் தெரியாத உள் ஓரங்களுக்குச் சாம்பல் நிறம் பலவற்றுக்கும் பொருந்தும்.

நூலின் எண்ணும் தரமும்

லுங்கி, வேட்டி வாங்கும்போது நாற்பதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்று கேட்டு வாங்குகிறோம். பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை ஏறுகிறதோ அதுவே நம்பர். தையல் நூல் ஒற்றை இழை அல்ல. இரண்டு அல்லது மூன்று இழைகளை முறுக்கிச் சேர்த்தது. பாலியெஸ்டர் தையல் நூலின் டிக்கெட் நம்பரிலும் எண் பெரிதானால் நூல் மெல்லியது. மெல்லிய வாயில் துணிக்குத் தடித்த நூலும் தடித்த ஊசியும் போட்டால் துணி சுருங்கும். பேண்ட், பை தைக்க மெல்லிய நூலைப் போட்டால் தையல் விடும்.

தையல் நூல் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு நூலாலை நடத்தினார்கள். 1892-ல் மதுரையில் ஆலை வந்தது. பின்னர் 1974-ல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனத் தொடர்போடு மதுரா கோட்ஸ் உருவாயிற்று.

அந்தக் கோட்ஸ் நிறுவனம் பிறந்த பெய்ஸ்லி நகரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். அங்கே ஆரம்ப காலத்தில் நூலை மரக் கட்டையில் சுற்றி விற்கும்போது கட்டைக்கு அரைப் பென்னி தனியாக வாங்கிக்கொள்வார்களாம். காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அந்த அரைப் பென்னி திரும்பக் கிடைக்குமாம். காலிக் கட்டைக்கும் மதிப்பு உண்டு என்று நூல் வியாபாரம் செய்தவர்களே கருதியிருக்கிறார்கள்.

ஈரமும் வெயிலும் எதிரிகள்

சத்தியவேட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். இரும்புப் பாபின் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் கண்டுகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் உள்ளே வைக்கலாம். அது இல்லாவிட்டால் பள்ளிக்கூடச் சாக்பீஸ் இரண்டு போடலாம். குழந்தைகள் அந்தப் பொட்டலத்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் நேரே பட்டால் நிறம் வெளுக்கும். நூலின் பலமும் குறையும். பட்டு நூலுக்கு இது இன்னும் கெடுதல். ஆணிப் பலகை வைத்திருப்பவர்கள் பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் திரை போலத் தொங்கவிட்டால் வெயிலும் படாது, தூசியும் படாது. தூசி படிந்த நூல் மிஷினின் இறுக்கத் தட்டுகளுக்கிடையே போய் அடைத்துக்கொள்ளும். பிறகு தையல் ஒரு இடத்தில் தளரும், ஒரு இடத்தில் இறுகும். மிஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

பழைய கண்டு நல்லதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு முழம் நூலை இரு கையிலும் பிடித்து இழுக்க வேண்டும். சற்றுத் தாக்குப் பிடித்து அறுந்தால் நூல் நல்லது. தொட்டவுடன் பட்டென்று அறுந்தால் உயிர் போன நூல். அதை ஓட்டுத் தையலுக்கு மட்டும் உபயோகிக்கலாம். காசு பார்த்து அதைக் கொண்டு ஜாக்கெட் தைத்தால், போட்ட அன்றே கைக்குழியில் தையல் விடும்.

முந்தின இரவே பாபின் சுற்றுங்கள்

மறுநாள் தைக்க வேண்டிய துணிகளை இரவே அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய கண்டையும் சுற்றிய பாபினையும் வைத்துவிட்டால் காலையில் மிஷினில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. வெள்ளையிலும் கறுப்பிலும் மட்டும் எப்போதும் மும்மூன்று பாபின் தயாராக இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும்போது அந்த நிறங்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

பாபினை நிதானமாகச் சுற்ற வேண்டும். பாலியெஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் அது இழுபட்டு நீண்டு பாபினில் ஏறும். தைத்த பின் பழைய நீளத்துக்குச் சுருங்கி, துணியின் ஓரத்தைச் சுருக்கிவிடும். விளிம்பு வழியும்படியும் சுற்றக்கூடாது. பாபின் கேஸில் சுழலாமல் முரண்டு பிடிக்கும்.

மீந்துபோகும் நூலுக்கும் வேலை உண்டு. பாபினில் ஒன்றிரண்டு முழம் மீந்தால் கொக்கி கட்டவும், பொத்தான் தைக்கவும், கைத்தையல் போடவும் ஆகும். சிறிது அதிகம் மீந்தால் தலையணை உறை, மிதியடி போன்றவற்றுக்கு அடி நூலாகப் போட்டுத் தீர்த்துவிடலாம்.

நாற்பது பக்க நோட்டு

இவ்வளவும் செய்துவிட்டு, என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் பாதிப் பயன்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், ஒவ்வொரு நிறத்திலும் ஓர் அங்குல நூலைப் பசை நாடாவால் ஒட்டி, பக்கத்தில் கண்டின் நிற எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுத வேண்டும். தீர்ந்த கண்டுக்கு எதிரே ஒரு கோடு. ஊத்துக்கோட்டைக்கோ திருவள்ளூருக்கோ சென்னை சௌகார்பேட்டைக்கோ போகும்போது நோட்டைக் கையில் எடுத்துச் சென்றால் போதும். நிற எண்ணைச் சொல்லியே வாங்கிவிடலாம். அடுத்த வீட்டுத் தையற்காரரோடு சேர்ந்து பெட்டியாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் சற்று இறங்கும். பஸ் செலவும் பாதியாகும்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீடுகளிலும் இது பொருந்தும். பத்துக்குப் பத்து அறையில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மிஷின் ஓடுகிறதென்றால், அந்த வீட்டின் வாடகையில் ஒரு பகுதி அதிலிருந்து வருகிறது என்று அர்த்தம். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்கினால் ஒரு பலகை, இருபது ஆணி, ஒரு ஸ்போக் கம்பி கொண்டு இந்த வேலையை முடித்துக் கொடுக்கலாம். அந்த அரை நாளின் பலன் மாதாமாதம் மூன்று ஜாக்கெட்டின் கூலியாக வீட்டுக்குத் திரும்பி வரும்.